மேசை ஆடுகிறது, தாளை மடித்து வைத்து அலுத்துவிட்டது

தாள்மடிப்பு:
எழுதும் மேசை ஒன்று வைத்திருக்கிறேன். ஏறத்தாழ ஐந்தடிக்கு இரண்டரை அடி, நாலு கால், போல்ட் போட்டு இணைக்கும் வகை. நான்தான் பூட்டினேன். சுவரை ஒட்டி, சன்னலுக்கு நேரே கிடக்கிறது. கையை ஊன்றினால் இடது முன்கால் 'டக்' என்று தரையைத் தொடும், கையை எடுத்தால் எழும்பிவிடும். தட்டச்சு செய்யும்போது கணினித் திரை எனக்கு ஆமாம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

தாளை மடித்து வைத்தேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். அப்புறம் தாள் நசுங்கிவிடும், இல்லாவிட்டால் தரை துடைக்கும்போது நனைந்து கூழாகும். இப்போது எட்டாவது தாளில் இருக்கிறேன். தரையில் ஓடு பதித்திருக்கிறது, கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் கோலி ஒன்றை உருட்டிவிட்டால் தானாக அறையின் நடுவுக்கு ஓடுகிறது.

நிரந்தரமாக என்ன செய்யலாம்? மற்ற கால்களைக் கொஞ்சம் அறுத்துவிடலாமா என்று நினைத்தேன். வீட்டில் ரம்பத்தை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

உளிச்சத்தம்:
ரம்பம் ஒளிந்தே இருக்கட்டும்.

சாமான் ஆடினால் எல்லோரும் முதலில் தரையைத் திட்டுகிறார்கள். தரை, கால், மூட்டு, இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எது என்று பார்க்காமல் ஆப்பு வைத்தால், ஆப்பு நமக்குத்தான்.

மூட்டு தளர்ந்த மேசை ஆடும் விதமே வேறு. மேற்பலகையின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நாலு காலும் தரையில் நிற்க, மேல்பாகம் மட்டும் ஊஞ்சல் மாதிரி போய் வந்தால் அது மூட்டுக் கோளாறு. காலடியில் என்ன வைத்தாலும் போகாது. தரையில் தட்டுகிற சத்தம் வந்தால்தான் காலையோ தரையையோ சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது அந்த வகை போலிருக்கிறது. ஆனாலும் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். இரண்டு கோளாறும் ஒரே மேசையில் குடியிருப்பதுண்டு.

சும்மா வந்தேன்:
இதற்கு ஏன் இவ்வளவு? மேசையை அப்படியே அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள். அதே கால் எழும்பினால் கால் குட்டை, வேறு கால் எழும்பினால் தரை கோணல். ஐந்து நிமிட வேலை.

மூலைவிட்டம்:
கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைச்சுற்று எதையும் காட்டிக்கொடுக்காது.

கால்களுக்கு வட்டமாக 1, 2, 3, 4 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். 1ம் 3ம் எதிரெதிர் மூலை, 2ம் 4ம் எதிரெதிர் மூலை. கால்கள் நாலும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்வோம். 1, 3 நிற்கும் இடங்களின் உயரத்தைக் கூட்டுங்கள். 2, 4 நிற்கும் இடங்களின் உயரத்தையும் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக இருந்தால் மேசை ஆடாது. இல்லாவிட்டால் ஆடும். அவ்வளவுதான் கணக்கு. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் மட்டும் மேசை ஆடுவதில்லை, சாய்ந்து நிற்கும், அவ்வளவே. தரை முறுக்கிக்கொண்டிருந்தால்தான் ஆட்டம்.

இப்போது அரைச்சுற்று திருப்புங்கள். 1 இருந்த இடத்துக்கு 3 வருகிறது, 3 இருந்த இடத்துக்கு 1 போகிறது. கூட்டுத்தொகை இம்மியும் மாறவில்லை. கோளாறு தரையில் இருந்தாலும் காலில் இருந்தாலும் அதே ஜோடிதான் ஆடும்.

சதுர மேசையாக இருந்தால் கால் சுற்று (90 பாகை) திருப்பிப் பார்க்கலாம். அப்போது 1, 3 இருந்த இடத்தில் 2, 4 வந்து நிற்கும். குற்றம் தரையுடையது என்றால் ஆடுகிற ஜோடி மாறும். குற்றம் காலுடையது என்றால் பழைய ஜோடியே ஆடும். உங்களுடையது செவ்வகம் என்பதால் இதுவும் உதவாது. வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எங்கே போட்டாலும் அதே ஜோடி, ஏறத்தாழ அதே அளவு எழும்பினால் மேசையைப் பிடியுங்கள்.

இன்னொன்று, 'இடது முன்கால் குட்டை' என்று அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது குட்டையாக இருக்கலாம், அதற்கு எதிர்மூலைக் கால் குட்டையாக இருக்கலாம், மற்ற இரண்டில் ஒன்று நெட்டையாகவும் இருக்கலாம். ஆட்டத்தை மட்டும் பார்த்து யார் குற்றவாளி என்று சொல்ல முடியாது. எடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கால் எழும்பும், அவ்வளவுதான்.

சும்மா வந்தேன்:
இத்தனை வருஷமாக அரைச்சுற்று திருப்பிவிட்டுத் தரையையும் காலையும் மாற்றி மாற்றிக் குற்றம் சொல்லியிருக்கிறேனே! சரி, ஒப்புக்கொள்கிறேன்.

குட்டை மேசை:
ரம்பம் பற்றி யாரோ கேட்டார்கள். என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரியும்.

ஒரு காலில் கொஞ்சம் அறுத்தேன். அதிகம் போய்விட்டது. அதற்குச் சமமாக இன்னொன்று. அதுவும் அதிகம். பூனைகளுக்குப் பங்கு பிரித்த குரங்கு மாதிரி மாற்றி மாற்றி அறுத்து, நாலு சென்டிமீட்டர் போனபிறகு நிறுத்தினேன். ஆட்டம் நிற்கவில்லை, முழங்கால்தான் பலகையில் இடிக்க ஆரம்பித்தது.

உளிச்சத்தம்:
காலை அறுப்பதற்கும் முறை இருக்கிறது, ஆனால் அது கடைசி வேலை.

நிச்சயமாகச் சமமான ஒரு பரப்பு வேண்டும். கனமான ஒட்டுப்பலகையைத் தரையில் போட்டு ரசமட்டம் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மேசையை அதன்மேல் நிறுத்தி, மேற்பலகை மட்டமாகும் வரை கால்களுக்குக் கீழே ஆப்பு கொடுக்க வேண்டும். பிறகு, அதிகமாக எழும்பியிருக்கும் காலின் அடி எட்டும் அளவுக்காவது தடிப்பான ஒரு சிறு கட்டையை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையை நகர்த்திக்கொண்டே நாலு காலையும் சுற்றிக் கோடு போட வேண்டும். எல்லாக் கோடும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் ஒரே தடவையில் முடியும். கண்மதிப்பில் அறுத்தால் மேலே சொன்ன கதைதான்.

இதில் ஒரு சங்கடம். இப்படி அறுத்த மேசை சமதரையில் அசையாது நிற்கும். உங்கள் தரை கோணல் என்றால் அங்கே போட்டதும் மறுபடி ஆடும். அதனால்தான் முதலில் காரணம் என்கிறேன்.

தாள்மடிப்பு:
மேசையை இன்று வேறு அறைக்குத் தூக்கினோம். இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம் என்று நினைத்தேன், நல்லவேளை, விஷயம் கிடைத்தது.

பக்கவாட்டில் தள்ளியபோது பெரிதாக ஊசலாட்டம் இல்லை. மற்ற அறையில் இரண்டு இடங்களில் போட்டேன். இரண்டிலும் அதே ஜோடிதான் (இடது முன், வலது பின்) ஆடுகிறது, ஆனால் என் அறையில் ஆடிய அளவுக்கு இல்லை. எவ்வளவு குறைவு என்று எப்படி அளப்பது? அடிக்கோலில் பிடிபடவில்லை.

மூலைவிட்டம்:
அச்சுத்தாள்கள் போதும். வழக்கமான 80 கிராம் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். எதிர்மூலையை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். எழும்பிய காலுக்கு அடியில் தாள்களை ஒவ்வொன்றாக நுழைத்து, இறுகும்போது எண்ணுங்கள். பத்துத் தாள், ஒரு மில்லிமீட்டர். மடிக்காத தாளாக இருக்க வேண்டும், மடிப்பில் காற்று இருக்கும். (உங்கள் பெயருக்கு மன்னிக்கவும்.)

வங்கி அட்டை, அடையாள அட்டை மாதிரியானவை உலகமெங்கும் ஒரே தடிமன், 0.76 மி.மீ. இடைவெளி பெரிதாக இருந்தால் அதில் தொடங்கி, மிச்சத்துக்குத் தாள் சேர்க்கலாம்.

தாள்மடிப்பு:
என் அறையில் 35 தாள். மற்ற அறையில் ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 21.

உளிச்சத்தம்:
அப்படியானால் பெரும்பங்கு மேசையுடையது, மிச்சம் தரையுடையது. போல்ட் மேசை என்றீர்கள். ஒன்று கேட்கிறேன், பூட்டும்போது மேசையைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு காலாக இறுக்கிக்கொண்டே போனீர்களா?

தாள்மடிப்பு:
ஆமாம். முதல் காலை நன்றாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதுதானே முறை?

உளிச்சத்தம்:
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அங்கேதான் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. போல்ட் துளைகளில் கொஞ்சம் இடம் விட்டே துளைத்திருப்பார்கள். முதல் கால் சற்றுச் சாய்வாக இறுகிவிட்டால் அந்தச் சாய்வு அப்படியே நின்றுவிடும். மற்ற மூன்றும் அதற்கு ஏற்பப் போய் உட்காரும். காலின் நீளத்தில் பிழை இருக்காது, நிற்கிற கோணத்தில்தான் பிழை.

செய்ய வேண்டியது: மேசையை நேராக, அது நிற்கப் போகிற இடத்திலேயே நிறுத்துங்கள். எல்லா போல்ட்டையும் அரைச்சுற்றோ ஒரு சுற்றோ தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். மேலே நல்ல கனம் ஏற்றுங்கள், புத்தகக் கட்டுகள் போதும். மேசையை லேசாக இப்படியும் அப்படியும் குலுக்கினால் கால்கள் தாமாகத் தரையைத் தேடி உட்காரும். பிறகு எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு காலை முடித்துவிடாதீர்கள்.

இப்படிச் செய்தால் மேசை அந்த இடத்துக்குப் பொருந்திவிடும். இடம் மாற்றினால் திரும்பவும் இதே வேலை.

புத்தகப்புழு:
இழையைக் கொஞ்சம் திசைதிருப்புகிறேன். எனக்கு மேசை இல்லை, ஆளுயரப் புத்தக அலமாரி. கம்பள விரிப்புத் தரை. பின்பக்கம் சுவரோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அலமாரி முன்னால் சாய்ந்து என்னையே பார்க்கிறது. தொட்டால் ஆடுகிறது.

உளிச்சத்தம்:
சுவரிலிருந்து சுவர்வரை விரித்த கம்பளத்தில் ஓரமாக ஆணி வைத்த மரப்பட்டி ஒன்று ஓடும், கம்பளத்தை இழுத்துப் பிடிக்க. அலமாரியின் பின்விளிம்பு அதன்மேல் ஏறி நிற்கிறது, முன்விளிம்பு மெத்தென்ற இடத்தில் அமுங்குகிறது. முன்னால் சாயாமல் என்ன செய்யும்?

முன்பக்க அடியில், அகலம் முழுதும், மெல்லிய மரப்பட்டை கொடுத்து நிமிர்த்துங்கள். மூலையில் மட்டும் துண்டு வைத்தால் அடிப்பலகை நடுவில் தொய்யும். அதோடு நிறுத்தாமல் மேலே சுவரோடு எல் வடிவ இரும்பையோ பட்டையையோ போட்டுத் திருகிவிடுங்கள். இதில் 'செய்யலாம்' என்ற பேச்சே இல்லை, செய்தாக வேண்டும். உயரமான அலமாரியும் இழுப்பறைப் பெட்டியும் ஆடாமல் நின்றாலும் கவிழும். குழந்தை இழுப்பறையைத் திறந்து படியாக்கி ஏறினால் போதும். ஆட்டத்தை நிறுத்துவது வேறு, கவிழாமல் தடுப்பது வேறு.

கதவு வைத்த அலமாரிக்கு இன்னொரு பயன் உண்டு. இரண்டு கதவும் மேல்விளிம்பில் ஒரே கோட்டில் இல்லையென்றால் பெரும்பாலோர் கீலைத் திருகுவார்கள். முதலில் அடியை மட்டமாக்கிப் பாருங்கள். பாதி நேரம் கதவு தானே நேராகிவிடும்.

புத்தகப்புழு:
மரப்பட்டியேதான்! விளிம்பைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்தேன், ஆணி குத்தியது. நன்றி, ஒருவகையில்.

சலவைநாள்:
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இதே தாள், ஆப்பு வைத்தியம் ஆகுமா? பிழியும்போது அறையைச் சுற்றி உலா வருகிறது.

உளிச்சத்தம்:
வேண்டாம். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 தடவை உதறுகிறது. அந்த உதறலில் எந்தத் துண்டும் நிற்காது, நகர்ந்து வெளியே வந்துவிடும். அதற்கென்றே அடியில் திருகுகால் கொடுத்திருப்பார்கள். எதிரெதிர் மூலையை அழுத்தி ஆட்டிப் பார்த்து, ஆடுகிற காலை இறக்குங்கள். மட்டம் வந்ததும் காலில் இருக்கிற பூட்டு நட்டை இயந்திரத்தின் அடியோடு சேர்த்து இறுக்குங்கள். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள், கால் மறுபடி தானாகத் திரும்பி ஏறிக்கொள்கிறது. புதுசு என்றால் முதுகுப்பக்கம் பாருங்கள், கொண்டுவரும்போது தொட்டியைப் பிடித்து வைக்கப் போட்ட போல்ட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று.

சலவைநாள்:
...நாலும் இருக்கின்றன. யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூலைவிட்டம்:
மேசைக்குத் திரும்புவோம். ஆப்பே தேவையில்லாத ஒரு வழியைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. மேசையைத் திருப்புங்கள், நகர்த்த வேண்டாம், நின்ற இடத்திலேயே சுழற்றுங்கள்.

சதுர மேசையைக் கால் சுற்று திருப்பினால் ஆடும் ஜோடி மாறுகிறது என்றேன் இல்லையா? 1, 3 ஆடிக்கொண்டிருந்தது, முடிவில் 2, 4 ஆடுகிறது. ஆட்டம் ஒரு ஜோடியிடமிருந்து மறு ஜோடிக்குக் கைமாற வேண்டுமானால், வழியில் எங்கேயோ ஒரு கோணத்தில் யாரும் ஆடாமல் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கோணத்தில் நிறுத்திவிட வேண்டியதுதான். மார்ட்டின் கார்ட்னர் 1973இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் இதை எழுதிப் பிரபலமாக்கினார். எவ்வளவு கோணலான தரை வரைக்கும் இது செல்லும் என்று பிறகு கணிதக்காரர்கள் கிளறினார்கள். ஆந்த்ரே மார்ட்டின் என்ற இயற்பியலாளர் 2005இல் 15 பாகைச் சரிவு வரை நிறுவினார். வேறு நால்வர் அதை 35 பாகைக்குச் சற்று மேல் வரை நீட்டினார்கள். செவ்வக மேசைக்கும் பொருந்தும், என்ன, அரைச்சுற்றுக்குள் எங்கேயாவது கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

உளிச்சத்தம்:
35 பாகைச் சரிவில் மேசை போட்டால் ஆட்டமா கவலை, மேலே வைத்த தம்ளர் அடுத்த அறையில் இருக்கும்.

உண்மையாகவே கேட்கிறேன். ஓட்டுத் தரையில் ஒரு ஓடு பக்கத்து ஓட்டைவிட ஒரு நூல் தூக்கியிருந்தால்?

மூலைவிட்டம்:
அங்கே கணக்கு கைவிட்டுவிடும். தரை தொடர்ச்சியாக ஏறி இறங்க வேண்டும், படி மாதிரி வெடுக்கென்று மாறினால் அந்த நடுக்கோணத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம். கால்களும் சம நீளம் இருக்க வேண்டும். ஆடாமல் நிற்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம், மட்டமாக நிற்கும் என்பதற்கு இல்லை. தோட்டத்துத் தரை, பழைய கல்தளம் மாதிரி இடத்தில் வட்ட மேசை, சதுர மேசைக்கு அருமையான வழி. கொஞ்சம் திருப்பினாலே நின்றுவிடும், பலமுறை செய்திருக்கிறேன்.

சும்மா வந்தேன்:
மூன்று கால் போட்டால் இந்தக் கணக்கே வேண்டாமே. முக்காலி எங்கேயும் ஆடாது.

உளிச்சத்தம்:
ஆடாது, உருளும். இரண்டு காலுக்கு நடுவே இருக்கிற விளிம்பில் கையை ஊன்றிப் பாருங்கள். பால் கறக்கவும் செடிக்குப் பக்கத்தில் உட்காரவும் முக்காலி. எழுத நாலு கால்தான்.

தாள்மடிப்பு:
மேசை சுவரோரம், ஆகவே சுழற்ற வழியில்லை. சன்னலை விட்டுத் தர மாட்டேன்.

போல்ட் வைத்தியம் செய்தேன். புத்தகம் ஏற்றி, தளர்த்தி, குலுக்கி, மூலைக்கு மூலை இறுக்கினேன். 35 தாள் இருந்தது 15 ஆகிவிட்டது! முழுதும் போகவில்லை. மிச்சம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு என்ன வைப்பது? ரப்பரா, தக்கையா, ஃபெல்ட்டா?

உளிச்சத்தம்:
துளைகளில் இருந்த இடம் அவ்வளவுதான், அதற்குமேல் நகராது. பாதிக்கு மேல் போய்விட்டதே, நல்ல பலன்.

அமுங்குகிற எதையும் வைக்காதீர்கள். தக்கை அமுங்கும், ஃபெல்ட் அமுங்கும், தேயவும் செய்யும். ஃபெல்ட் தரையில் கீறல் விழாமல் இருக்க, உயரம் கூட்ட அல்ல. ரப்பரும் அப்படித்தான், அதோடு வினைல் தரையில் போட்டால் நாளடைவில் கறை ஏறிப் போகாமலே நிற்கும். கெட்டியான பிளாஸ்டிக், கடின மரம், உலோக வாஷர், இவைதான் சரி. கனமான பீரோவுக்கு என்றால் இரண்டு மர ஆப்பை எதிரெதிராக ஒன்றின்மேல் ஒன்று சொருகுவோம். மேலும் கீழும் சமமாக இருக்கும், தட்டத் தட்ட உயரும்.

அடிக்கடி இடம் மாற்றுபவர் என்றால் திருகுகால் போட்டுவிடுங்கள். காலடியில் துளையிட்டு உள்மரை (திருகு ஏறும் உலோகக் குழல்) போட்டு 8 மில்லிமீட்டர் திருகுகால் ஏற்றினால் ஒரு முழுச்சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறி இறங்கும், கால் சுற்றுக்கு 0.3. எந்தத் தரையிலும் குனிந்து திருகினால் முடிந்தது. துளை மட்டும் நேராக இருக்க வேண்டும். மேசையை இழுத்து நகர்த்தக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் திருகு நெம்பி மரம் பிளக்கும்.

குட்டை மேசை:
எபாக்ஸி புட்டியும் சொல்லுங்கள். எனக்கு அதுதான் கடைசியில் கைகொடுத்தது. தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, எழும்பிய காலுக்கு அடியில் ஒரு உருண்டை வைத்து, மற்ற மூன்று காலும் தரையில் நன்றாக நிற்கும்படி எதிர்ப்பக்கம் கனம் ஏற்றிவிட்டு ஒரு இரவு தொடாமல் விட்டேன். காலையில் கெட்டியாகி, தரையின் அச்சிலேயே பாதம் தயார். ஓரத்தைச் செதுக்கி உப்புத்தாள் போட்டேன். நாலு சென்டிமீட்டர் திரும்பி வரவில்லை என்பதுதான் குறை.

மூலைவிட்டம்:
தாள்மடிப்பு, ஒன்றரை மில்லிமீட்டரை ஒரே காலில் வைக்காதீர்கள். கூட்டுத்தொகைதானே கணக்கு? ஆடுகிற ஜோடியில் இரண்டு காலுக்கும் பாதி பாதி கொடுங்கள். ஆட்டமும் போகும், மேற்பலகை ஒரே மூலையில் தூக்கிக்கொண்டு நிற்காது. பாதி என்றால் 0.75. காலாவதியான அட்டை இரண்டு இருக்குமே?

தாள்மடிப்பு:
இருந்தன! காலடி அளவுக்கு வட்டமாக வெட்டினேன். எண்ணும் பெயரும் இருந்த பகுதியைத் தனியாகப் பொடியாக்கிவிட்டேன், கவலை வேண்டாம். வெட்டியதைத் தரையில் வைக்காமல் கால்களிலேயே ஒட்டினேன், துடைக்கும்போது ஓடிவிடாது. மேசையை நிறுத்தி எல்லா மூலையிலும் ஊன்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு தாளை நுழைக்கப் பார்த்தேன், எந்தக் காலிலும் போகவில்லை.

உளிச்சத்தம்:
நல்லது. ஒரு மாதம் கழித்து போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மரம் அமுங்கி உட்காரும்போது இறுக்கம் கொஞ்சம் விட்டுப்போகும்.

தாள்மடிப்பு:
மாதம் ஆகிவிட்டது, வந்து சொல்கிறேன். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின, மற்றவை அப்படியே இருந்தன. திரை தலையாட்டவில்லை. ரம்பத்தை எங்கே ஒளித்தார்கள் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.